நீல் தீவு: கடல் வற்றும் நேரம் பார்த்து நாளைத் திட்டமிடுவது எப்படி?

அந்தமானின் நீல் தீவுக்கு (இப்போதைய பெயர் ஷஹீத் த்வீப்) கப்பல் டிக்கெட், தங்குமிடம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அங்கே எதை எப்போது பார்க்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது கடல்தான். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு (உள்ளூரில் ஹவுரா பாலம் என்பார்கள், குடியேறியவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள்) பவளப்பாறைத் தரை மேல் நடந்துதான் போக வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வழி மூழ்கிவிடும்.

முதல் படி: தேதி

நம் வீட்டு நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அதிலும் அதற்கடுத்த ஓரிரு நாட்களில் கடல் நன்றாக வற்றும், அதே அளவுக்கு நன்றாக ஏறவும் செய்யும். அஷ்டமி, நவமி பக்கம் போனால் இரண்டுமே மந்தம். தேதியை மாற்ற வழியிருந்தால் இதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

இரண்டாம் படி: ஓத அட்டவணை (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல்)

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அங்கே ஒரு நாளில் பொதுவாக இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம், ஆகவே இன்று பார்த்த நேரம் நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் போய்வந்த நண்பர் சொன்ன நேரத்தை நம்பிப் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

அட்டவணையில் 0.3 மீட்டர் என்று இருந்தால் பாறை மேல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் என்று அர்த்தமில்லை. அது ஒரு நிலையான அடிமட்டத்திலிருந்து அளந்த உயரம். உங்களுக்கு வேண்டியது ஒப்பீடுதான்: நீங்கள் அங்கே இருக்கும் நாட்களில் எந்தப் பகல்நேர எண் மிகக் குறைவோ, பாலத்துக்கு அந்த நாள்.

அட்டவணையை மொபைல் ஆப்பில் பார்ப்பதைவிட இந்திய நில அளவைத் துறை வெளியிடும் போர்ட் பிளேர் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) கணிப்பைப் பார்ப்பதே எனக்குப் பிடித்தம். ஆப் வைத்திருப்பவர்கள் அது இந்திய நேரத்தில்தான் காட்டுகிறதா, உயரம் மீட்டரா அடியா என்று முதலில் பாருங்கள். (இதைப் பிறகு சேர்த்தேன், ஒரு வாசகருக்கு ஆப் உலக நேரத்தைக் காட்டியதில் ஐந்தரை மணி நேரம் தவறிவிட்டது.) காற்றும் பேரலையும் இந்த அட்டவணையில் வராது. அதற்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS, கடல் நிலவரத் தகவல் தரும் அரசு மையம்) நிறுவனத்தின் அலை எச்சரிக்கையை அன்று காலையில் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நடை

கடல் முழுசாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். வற்றிய பின் முதல் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், அதைப் பார்த்து 'இன்னும் நேரம் இருக்கு' என்று உட்கார்ந்துவிடத் தோன்றும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில்தான் மொத்த ஏற்றத்தில் பாதி வந்து சேர்கிறது. இரண்டு மீட்டர் ஏறும் நாளென்றால் அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஒரு மீட்டர்.

காலுக்கு, பின்பட்டை வைத்த தடித்த அடிப்பாகச் செருப்பு. சாதாரண ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், பாறை வழுக்கும், கூராகவும் இருக்கும். மணலிலும் வெறும் பாறையிலும் மட்டும் கால் வையுங்கள். குட்டைகளில் கடல் அட்டை, ராட்சதச் சிப்பி, சின்ன மீன்கள் எல்லாம் கண்ணில் படும், எதையும் தொடாமல் பாருங்கள். பவளத்துண்டு ஒன்றைக்கூடப் பையில் போடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உயிருள்ள பவளத்தை மிதித்தால் அது திரும்ப வளரப் பல வருடங்கள் ஆகும். வழிகாட்டிகள் சிலர் கையில் எடுத்துக் காட்டும்போது நாம்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

பரத்பூர் கடற்கரைக்குக் கணக்கு நேர் எதிர். அங்கே நீந்தவும் கண்ணாடிப் படகில் போகவும் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். ஆக, பாலத்துக்கு வற்றும் நேரம், பரத்பூருக்கு ஏறும் நேரம், இரண்டுக்கும் நடுவே ஆறு மணி நேரம்.

பின்சேர்க்கை: மாலை ஐந்தரைக்குக் கடல் வற்றுகிறது, போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டிசம்பரில் அங்கே 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், இருட்டில் அந்தப் பாறையில் நடக்கக் கூடாது. அதே நாள் விடியற்காலை ஐந்து மணியை ஒட்டி இன்னொரு முறை வற்றியிருக்கும். வெளிச்சம் வந்ததும் இறங்கி, ஆறரைக்குள் கரையேறிவிடுங்கள்.