அக்டோபர் முழுக்கத் திகில்: பார்க்க, படிக்க, எழுத ஒரு மாதத் திட்டம்

அக்டோபர் 31 ஹாலோவீன், மேலைநாடுகளில் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் நாள். அதையொட்டி அந்த மாதத்தையே திகிலுக்கு ஒதுக்கும் ரசிகர்கள் பல நாடுகளில் உண்டு. புதிதாக இறங்குபவர்கள் நாளுக்கு ஒரு படம் என்று ஆரம்பித்து, இரண்டாவது வாரத்திலேயே பயம் மரத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இடைவெளி அவசியம்.

படி 1: நாளைப் பிரியுங்கள்
திங்கள், புதன், வெள்ளி படம். செவ்வாய், வியாழன் வாசிப்பு. சனி எழுத்து. ஞாயிறு ஓய்வு. பதின்மூன்று, பதினான்கு படம் தேறும், தாராளம்.

படி 2: ஒலி
பேச்சுக் காட்சி ஒன்றில் ஒலியளவைச் சரிசெய்தபின் ரிமோட்டைத் தொடாதீர்கள். அலறலுக்குப் பயந்து குறைத்தால், அடுத்து வரும் மெல்லிய ஓசை காதில் விழாது. பயத்தில் பாதி அந்த ஓசையில்தான் இருக்கிறது. வீட்டில் தூங்குபவர்கள் இருந்தால் ஹெட்போன். டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழுவழுப்பாக்கிக் காட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சினிமாவும் டிவி சீரியல் மாதிரி தெரியும்.

படி 3: படத்தையும் புத்தகத்தையும் ஜோடி சேருங்கள்
நல்ல தொடக்கம், 1922இல் வந்த மௌனப் படம் 'நோஸ்ஃபராட்டு'. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலை அனுமதி வாங்காமல் எடுத்தது. இரவுக் காட்சிகளைப் பகலில் படமாக்கி, பிரதியில் நீலச்சாயம் ஏற்றினார்கள். சாயமில்லாத பிரதியைப் பார்த்தால் ரத்தக் காட்டேரி பட்டப்பகலில் நடந்து போகும், பயமே வராது. சாயமேற்றி மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பாருங்கள். வெயில் பட்டுக் காட்டேரி அழிவது இந்தப் படம் கொண்டுவந்தது. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். நாவலுக்கு 27 அத்தியாயம்; ஒரு நாளைக்கு நான்கு வீதம் ஏழு வாசிப்பு நாளில் முடியும். மிச்ச நாளில் சிறுகதை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைத் தவறவிடாதீர்கள். அதில் பயம் முதலில் மூக்கு வழியாக வருகிறது.

படி 4: குறிப்பு
படம் முடிந்ததும் மூன்றே வரி: எந்த நொடியில் பயந்தீர்கள், அதற்கு முந்தைய நிமிடத்தில் எதைக் காட்டினார்கள், எதை மறைத்தார்கள். கதைச்சுருக்கம் வேண்டாம்.

படி 5: நான்கு சனிக்கிழமை, ஒரு கதை
முதல் வாரம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை 200 சொல்லில் எழுதுங்கள், பேய் கூடாது. அடுத்த வாரம் அங்கே ஒரே ஒரு பொருளை இடம் மாற்றுங்கள், அல்லது ஒரு வாடையைக் கொண்டுவாருங்கள். மூன்றாவது வாரம் 1,000 சொல்லில் முழுக்கதை. நான்காவது வாரம் வெட்டு: 'திடீரென்று', 'பயங்கரமான', ஆச்சரியக்குறி எல்லாம் போகட்டும். பேய் யார், ஏன் வந்தது என்று கடைசிப் பத்தியில் விளக்கியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அந்த விளக்கம் இல்லாமலே கதை தாக்குப்பிடித்தால் திரும்பச் சேர்க்காதீர்கள்.