பாதாளச் சாக்கடையில் புகும் மழைநீர்: மாதிரிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதாளச் சாக்கடைக்குள் எவ்வளவு மழைநீர் புகுகிறது என்பதைப் பெரும்பாலும் ஆர்டிகே முறையில்தான் கணக்கிடுகிறோம். பெய்த மழையில் குழாய்க்குள் போகும் பங்கு ஆர். ஓட்டம் உச்சத்தைத் தொட ஆகும் நேரம் டி. வடியும் நேரம் அந்த டி-யைப் போல எத்தனை மடங்கு என்பது கே. மழைக்குப் பின் ஓட்டம் ஏறி இறங்குவதை முக்கோணமாக வரைகிறோம். மழைநீர், கழிவுநீர் ஓட்டத்தைக் கணிக்கும் எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருளில் வேகம், நடுத்தரம், மெதுவு என மூன்று முக்கோணங்களுக்கும் இவற்றைத் தனித்தனியே கொடுக்கலாம். கணக்கு கெடுவது அதற்கு முன்பே, தரவு எடுக்கும் இடத்தில்.

தினசரி மழையளவு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரையிலான கூட்டுத்தொகை. மதுரையில் ஐப்பசி மழை சாயங்காலம் இடியோடு இறங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அப்படிப் பெய்த 50 மி.மீ.யை 24 மணிக்குப் பரப்பினால் மணிக்கு 2 மி.மீ.தான் வரும். வேக முக்கோணத்தின் டி வழக்கமாக அரை மணி முதல் 2 மணி வரை என்பதால் 5 அல்லது 15 நிமிடப் பதிவு கட்டாயம். அவனியாபுரம் பக்கத்து மழைமானியை வைத்துச் செல்லூரைக் கணிக்கவும் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பம்பிங் ஸ்டேஷன் வெளியேற்றிய அளவையே வந்த அளவாக எடுத்துக்கொள்வது. எல்லா மோட்டாரும் ஓடினாலும் அவற்றின் திறனுக்கு மேல் போகாது. மிச்சம் சேகரிப்புக் கிணற்றில் ஏறி, குழாயில் பின்தேங்கி, தாழ்வான தெருவில் மேன்ஹோல் வழியே பொங்கும். வெளியேற்றிய அளவின் வரைபடத்தில் உச்சி தட்டையாக இருந்தால் இதுதான் நடந்திருக்கும். அந்தத் தரவு தரும் ஆர் குறைவாகவே இருக்கும்; அதை நம்பி மோட்டார் வாங்கினால் அடுத்த மழையிலும் வீட்டு வாசலில் கழிவுநீர் நிற்கும். கிணற்று மட்டத்தையும் மேல்பக்க மேன்ஹோல் மட்டத்தையும் பதிவு செய்யுங்கள். தட்டையான பகுதியை விட்டுவிட்டு முக்கோணங்களைப் பொருத்துங்கள்.

பரப்பும் ஏமாற்றும். 1 ஹெக்டேரில் 1 மி.மீ. மழை 10 கன மீட்டர். 40 ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் 20,000, அதில் 1,000 கன மீட்டர் குழாய்க்குள் போனால் ஆர் 0.05. கண்மாயையும் காலி நிலத்தையும் சேர்த்து 80 ஹெக்டேர் என்று போட்டால் ஆர் பாதியாகிவிடும். அதை மாசி வீதிகளைப் போல நெருக்கமான பகுதிக்குப் பொருத்துவது பெருந்தவறு. இணைப்புள்ள பரப்பை மட்டும் எடுங்கள்.

ஒரே ஆர் ஆண்டு முழுவதும் செல்லாது. கோடை முடிந்து வரும் முதல் மழையைக் காய்ந்த மண் குடித்துவிடும். கண்மாய்கள் நிரம்பி மண் ஊறிய பிறகு மெதுவான முக்கோணத்தின் ஆர் கூடும். மாதவாரியாக மாற்ற மென்பொருளில் வசதி உண்டு. வைகையில் தண்ணீர் வரும்போது கரையோரக் குழாய்களில் மழையில்லாமலே கசிவு கூடலாம். அது வறண்ட நாள் ஓட்டத்தில், அதாவது மழையில்லாத நாளின் அடிப்படை ஓட்டத்தில் சேர வேண்டியது. கூட்டம் கூடும் சித்திரைத் திருவிழா நாள்களை அந்த அடிப்படைக்கு எடுக்காதீர்கள்.

தெருவில் நிற்கும் தண்ணீர் வடிய மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவதும் உண்டு. அன்றைக்கு மட்டும் ஆர் தாவும், எந்த முக்கோணமும் பொருந்தாது. அந்த மழையைத் தனியே வைத்து, மூடிகளை நேரில் பாருங்கள்; மொட்டைமாடிக் குழாய் இணைப்புகளை, சாக்கடைக் குழாயில் புகை விட்டு அது வெளிவரும் இடத்தைப் பார்க்கும் புகைச் சோதனையில் தேடுங்கள்.