முட்டம் கடலை வரையலாம்: படத்துக்குள் மனநிலை வருவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை வயலோ, பேச்சிப்பாறை அணையோ, முட்டம் கடற்கரைப் பாறையோ, புதிதாக வரைகிறவர்கள் முதலில் தேடுவது வண்ணத்தைத்தான். ஆனால் படத்தின் மனநிலையில் பாதிக்கு மேல் வண்ணம் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், பெரிய பிரஷ் ஒன்று, சின்னது ஒன்று, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியென்னா, யெல்லோ ஓக்கர். மூன்று வண்ணம் போதும்.

படி 1: ஒரு வரி எழுதுங்கள்

'முட்டம் கடற்கரை' என்று எழுதினால் அது ஊர்ப்பெயர் மட்டுமே. 'வள்ளம் இன்னும் கரைக்கு வரலை' என்று எழுதிப் பாருங்கள், படத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். நிலத்தையும் பொழுதையும் மனநிலையோடு இணைக்கும் நம் சங்க இலக்கியத் திணை மரபும் இதைத்தான் செய்தது. நெய்தலுக்கு நிலம் கடற்கரை, பொழுது எற்பாடு (சூரியன் சாயும் நேரம்), உரிப்பொருள், அதாவது பாட்டின் உணர்வு, இரங்கல் (பிரிவில் வருந்துவது). நிலமும் பொழுதும் உரிப்பொருளுக்காகவே நிற்கின்றன.

படி 2: தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம்

ஒன்றில் தொடுவானத்தை அடியில் வையுங்கள். வானம் தலைமேல் கனக்கும். இன்னொன்றில் மேலே ஏற்றுங்கள். செம்மணலும் பாறையும் காலடிக்கு வந்துவிடும், கடல் தள்ளிப்போகும். மூன்றாவதில் நடுவில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் சப்பென்று இருக்கும். நம் வரிக்கு முதல் கட்டம் பொருந்துகிறது.

படி 3: நீக்குங்கள்

கடினமான படி இதுதான். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1808 முதல் 1810 வரை வரைந்த 'கடலோரத் துறவி'யில் மணல், கறுத்த கடல், மிகப் பெரிய வானம், ஒரு சின்ன மனிதன், அவ்வளவுதான். முதலில் கப்பல்களையும் வரைந்து, பிறகு அவற்றை மூடிவிட்டார் என்று ஆய்வில் தெரிந்தது. கப்பல் இருந்தால் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த மனிதனின் தனிமை போய்விடும்.

முட்டத்தில் கலங்கரை விளக்கத்தை விடத்தான் மனசு வராது. ஆனால் அது இருந்தால் பார்ப்பவர் "அட, முட்டம்!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். விட்டுவிடுங்கள். கரையில் வலையருகே ஓர் ஆள் நிற்கட்டும்.

படி 4: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு

பென்சிலால் மூன்றே சாயல். வானம் நடுத்தரம், பாறை இருட்டு, தொடுவானத்தில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். எதிரில் இருக்கும் காட்சியை போனில் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தால் சாயல் சட்டென்று புரியும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-ல் வரைந்த 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' என்ற சூரியோதயப் படத்தை அப்படி மாற்றினால் ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். சூரியனுக்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவு என்பதே காரணம்.

படி 5: வண்ணம்

வானப் பகுதியை வெறும் தண்ணீரால் நனையுங்கள். நீலத்தையும் சியென்னாவையும் கலந்தால் சாம்பல் நிறம் வரும். நீலம் கூடினால் குளிர்ச்சி, சியென்னா கூடினால் புழுக்கம். ஈரத்தில் மேலிருந்து இறக்கி, தாளை வைத்திருக்கும் அட்டையை லேசாகச் சாய்த்தால் மழைமேகம் தானாக இறங்கும். தொடுவானக் கீற்றை மட்டும் தொடவேண்டாம்.

ஆனி, ஆடிச் சாரலில் தாள் சீக்கிரம் காயாது. புறங்கையை வைத்துப் பாருங்கள்; ஜில்லென்றால் இன்னும் ஈரம். காய்ந்தபின் பாறையை அடர்த்தியாக ஒரே பூச்சில் போடுங்கள். திரும்பத் திரும்பத் தடவினால் சேறாகிவிடும். செம்மணலுக்கு ஓக்கரும் சியென்னாவும், கூடவே ஒரு துளி நீலம். இல்லையென்றால் அந்தச் சிவப்பு கத்தும், இரங்கல் கேட்காது.

படி 6: பின்பக்கம்

தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்று எழுதிவையுங்கள். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822-ல் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் வரைந்த மேகப் பயிற்சிப் படங்கள் பலவற்றில் இப்படிக் குறிப்புகள் உண்டு. அடுத்த தாளில் இதே இடம், இதே மூன்று வண்ணம், வரி மட்டும் வேறு: 'வள்ளம் நிறைய மீன்'. தொடுவானத்தை எங்கே வைப்பீர்கள்?