இஸ்தான்புல் பெரிய பஜாரில் பேரம்: டெல்லித் தமிழர்களுக்குச் சில குறிப்புகள்

சரோஜினி நகரிலும் ஜன்பத்திலும் பேரம் பேசிப் பழகிய நாம் இஸ்தான்புல் பெரிய பஜாரில் முதலில் கைவிட வேண்டியது, எடுத்த எடுப்பில் கால் விலைக்குக் கேட்கும் பழக்கத்தைத்தான். 1450-களில் கட்டத் தொடங்கி, இன்று சுமார் 4,000 கடைகளாக வளர்ந்திருக்கும் அந்தச் சந்தையில் நடப்பது உட்கார்ந்து நிதானமாகப் பேசும் பேரம். நீங்கள் கேட்ட தொகைக்குக் கடைக்காரர் இசைந்த பிறகு நழுவுவது அவமதிப்பாகக் கருதப்படும் என்பதால், வாங்கும் எண்ணமில்லாத பொருளுக்கு விலையே கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் கடை திறந்ததும் போய்விடுங்கள். முதல் போணியைத் தட்டிவிடக் கூடாது என்ற நம்பிக்கை அங்கும் உண்டு. சிறு கண்ணாடிக் குவளையில் பாலில்லாத தேநீர் வரும். அது உபசாரம், முன்பணம் அல்ல. கூச்சத்தால் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே.

கம்பளம் வாங்குவதாக இருந்தால், விலைக்கு முன் பொருளைப் பாருங்கள். திருப்பிப் பார்க்கும்போது கையால் முடிச்சிட்டதில் பூவேலை பின்புறமும் தெளிவாகத் தெரியும். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் (நெசவில் நீளவாட்டில் ஓடும் நூலின்) நீட்சியாக இருக்கும், தனியே தைத்து ஒட்டியதாக இருக்காது. பட்டு என்று சொல்லப்படுவதெல்லாம் பட்டுமல்ல. இரண்டு மூன்று கடைகளில் விசாரித்த பிறகு, சொன்ன விலையில் பாதியை ஒட்டித் தொடங்கி மெல்ல ஏறுவதே என் கணிப்பில் நியாயம். பீங்கான் கிண்ணம், விளக்கு போன்றவற்றில் அவ்வளவு இறக்கம் கிடைக்காது. நாலைந்தைச் சேர்த்து எடுத்தால் கொஞ்சம் குறைப்பார்கள். தங்கத்துக்கு அன்றைய விலையும் எடையும்தான் கணக்கு; பேசுவதற்குச் செய்கூலி மட்டுமே உண்டு.

அதே நகரின் எமினோனு பகுதியிலுள்ள மசாலாச் சந்தையில் மலிவாகக் குவித்திருக்கும் குங்குமப்பூவை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம். அது பெரும்பாலும் குங்குமப்பூபோல் தோன்றும் மலிவான குசும்பப்பூவாகவே இருக்கும்; அசலின் இழை ஒரு முனையில் எக்காளம்போல் விரிந்திருக்கும், வெந்நீரில் மெதுவாகத்தான் மஞ்சள் நிறம் விடும்.

விலை படிந்ததும், சொன்ன தொகை லிராவா யூரோவா என்பதை வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கார்டு இயந்திரம் ரூபாயில் செலுத்தலாமா என்று கேட்டால் லிராவையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பேரத்தில் குறைத்த பணத்தில் ஒரு பகுதி நாணயமாற்று விகிதத்திலேயே போய்விடும்.