அக்குளில் வலிக்கும் கட்டி: வீட்டில் எதைப் பார்ப்பது, எப்போது டாக்டரிடம் போவது

போன ஐப்பசியில் அம்மா கெளுத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது முள் கட்டைவிரலில் குத்திவிட்டது. கழுவிவிட்டு வேலையைப் பார்த்தார். மூன்றாம் நாள் கொண்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை. அக்குளுக்குள் நாவல் கொட்டை அளவில் ஏதோ உருண்டது, தொட்டால் சுரீரென்று வலி. அம்மாவுக்கு உடனே புற்றுநோய் பயம். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் டாக்டர் அக்குளைத் தொடும் முன்பே, "கையைக் காட்டுங்கம்மா" என்றார். முள்ளின் நுனி இன்னும் விரலுக்குள் இருந்தது. அதை எடுத்து, டெட்டனஸ் வராமலிருக்க டி.டி. ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் கட்டி இருந்த இடம் தெரியவில்லை.

அக்குளில் கட்டி என்றால் அக்குளை மட்டும் பார்த்தால் போதாது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அம்மா மாதிரி யாரும் ஓர் இரவு முழுக்கப் பயந்து கிடக்க வேண்டாம், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடவும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். என்ன நோய் என்று சொல்வது டாக்டரின் வேலை. அதுவரை நாம் செய்யக்கூடியவை இவை.

படி 1: தோலிலா, தோலுக்கு அடியிலா?

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கித் தோலைப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், கறுத்த புள்ளி ஏதும் தெரிகிறதா? அப்புறம் கையைத் தொங்கவிடுங்கள். தூக்கிய கையில் தசை இறுகி நிற்பதால் உள்ளே இருப்பது விரலுக்குச் சிக்காது. மறுகையின் மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து மெதுவாகத் தடவுங்கள். கட்டி தோலோடு ஒட்டி நகர்ந்தால் அது தோல் சமாச்சாரம். தோல் மேலே வழுக்கிப் போய், கட்டி அடியில் தனியாக உருண்டால் பெரும்பாலும் நெறி கட்டியிருக்கிறது. டாக்டர்கள் நிணநீர்க்கணு வீக்கம் என்பது இதைத்தான்.

படி 2: தோலில் இருந்தால்

ரேசர் போட்ட இரண்டொரு நாளில் சின்னச் சின்னதாக வந்தால், முடி வேர் புண்ணாகியிருக்கும், அல்லது முடி உள்நோக்கி வளர்ந்திருக்கும். சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் பெருத்து, முகம் வைத்தால் சீழ்க்கட்டி. உடம்புச் சூடு என்று சொல்வோம், ஆனால் சீழ் வைக்கச் செய்வது பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாதான். அடிக்கடி சீழ்க்கட்டி வருகிறவர்கள் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். புது டியோடரன்டுக்குப் பிறகு அரிப்பும் எரிச்சலும் வந்தால் அதை நிறுத்துங்கள்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அதே இடத்தில் மாதாமாதம் கட்டி வருகிறது, உடைகிறது, தழும்பாகிறது, மறுபடி வருகிறது, தொடை இடுக்கிலும் வருகிறது என்றால் அது ஹைட்ராடினைடிஸ் சப்புரடிவா என்கிற நீண்டகால நோயாக இருக்கலாம். அழுக்கால் வருவதில்லை, மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைத்து வைப்பவர்கள் பலர். தோல் டாக்டரிடம் போங்கள், சிகிச்சை இருக்கிறது.

படி 3: அடியில் இருந்தால், சுற்றிலும் தேடுங்கள்

காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கைக்கும் மார்புக்கும் அந்த இடம் அக்குள். அதனால் விரல் நுனி, நகக்கண், முழங்கை, தோள், முதுகு, மார்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பூனை பிறாண்டியதா? ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட நெறி கட்டலாம். அந்தக் கையில் சமீபத்தில் தடுப்பூசி போட்டீர்களா? பி.சி.ஜி. ஊசியைக் குழந்தைக்கு இடது தோளில் போடுவதால் சில குழந்தைகளுக்கு இடது அக்குளில் கட்டி வரும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும், இருந்தாலும் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து வந்தால், அக்குள் மடிப்பில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது வலிக்காது, அதனால் கண்ணில் படாமலே போய்விடும். ஸ்க்ரப் டைபஸ் என்கிற தொற்றுக் காய்ச்சலைப் பரப்பும் பூச்சி கடித்த தடம் அது. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தில் குணமாகிவிடும்.

பெண்களில் சிலருக்கு மார்பகத் திசு அக்குள்வரை இருக்கும். மாதவிடாய்க்கு முன்பும், பிரசவத்துக்குப் பிறகு பால் கட்டும்போதும் அது வீங்கி வலிக்கும்.

படி 4: வீட்டில் செய்யக்கூடியது

சுத்தமான துணியை, தோல் பொறுக்கும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம். நாளைக்கு மூன்று நான்கு முறை. இறுக்கமான ஜாக்கெட்டும் ரேசரும் இப்போதைக்கு வேண்டாம். சீழ்க்கட்டி என்றால் துண்டைத் தனியாக வையுங்கள். சிவப்பின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், மறுநாள் அது பரவியதா என்று ஊகிக்க வேண்டியதில்லை.

பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவதை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அக்குள் தோல் மெல்லியது, சுண்ணாம்பு வெந்து புண்ணாக்கிவிடும். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்துவதும் வேண்டாம்.

படி 5: எப்போது கிளம்ப வேண்டும்

அன்றைக்கே: குளிர் காய்ச்சல், போட்ட கோட்டைத் தாண்டிப் பரவும் சிவப்பு, கையிலிருந்து அக்குள் நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, கையைத் தூக்க முடியாத வலி. சர்க்கரை நோயாளிகள், கீமோ எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டி சின்னதாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

சில நாட்களுக்குள்: இரண்டு வாரமாகியும் குறையாத கட்டி, வளர்ந்துகொண்டே போவது, கல் மாதிரி கெட்டியாக அசையாமல் இருப்பது, கழுத்திலும் தொடை இடுக்கிலும் சேர்ந்து வருவது, காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி வியர்வை, மாலைக் காய்ச்சல். காசநோயும் இப்படி வரும், அதற்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். மார்பில் கட்டி, தோலில் குழி, காம்பில் ரத்தக் கசிவு இருந்தாலும் அப்படியே, ஆண்களுக்கும்தான். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அதனால் வலி போன பிறகும் கட்டி அப்படியே இருந்தால் நிம்மதியாக விட்டுவிடாதீர்கள்.

படி 6: டாக்டரிடம்

முதலில் பொது மருத்துவர் போதும். எத்தனை நாளாக, காயம், தடுப்பூசி, பூனை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். சீழ் கோத்திருந்தால் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மெல்லிய ஊசியில் செல் எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை, தேவைப்பட்டால் சின்னத் துண்டு சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உடையைத் தளர்த்திக் காட்டக் கூச்சமாக இருந்தால், சீட்டு வாங்கும்போதே பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள்.