மூன்று கட்டை டார்ச் லைட்டிலிருந்து ஒரு லைட்சேபர் கைப்பிடி

1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் ஏந்தும் லைட்சேபர் எனும் ஒளிவாளின் கைப்பிடி, அதற்கென்றே வார்த்துச் செய்யப்பட்ட பொருள் அன்று. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் இயங்கிவந்த கிராஃப்ளெக்ஸ் நிறுவனம், 1940களில் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்காகச் செய்து விற்ற ஃபிளாஷ் விளக்கின் பிடிதான் அது. அரங்கப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு கேமராக் கடையில் அதைக் கண்டெடுத்து, கறுப்புப் பட்டைகளைச் சூப்பர் குளூவால் சுற்றி ஒட்டி, ஒரு கால்குலேட்டரிலிருந்து கழற்றிய குமிழ்ப் பட்டையையும் பொருத்தினார். அதே படத்தில் லூக்கின் குருவாக வரும் ஓபி-வான் கெனோபியின் கைப்பிடியோ இன்னும் வியப்பூட்டுவது: ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய், முதல் உலகப் போர்க் காலத்து ரைஃபிள் கிரனேடு ஒன்றின் உடல், கை கழுவும் தொட்டியின் குழாய்த் திருகு ஆகியவை ஒரே உருவத்தில் சேர்ந்தன.

ஆகவே, இதைக் காயலான் கடைப் பொருளால் செய்வது வசதிக்காகச் செய்துகொள்ளும் சமரசம் அன்று. படத்தில் வந்த அசல் கைப்பிடி பிறந்த வழியும் அதுவே. பழைய கிராஃப்ளெக்ஸ் பிடி ஒன்று உங்கள் கையில் கிடைத்தால்கூட, அதை அறுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். கேமரா வரலாற்றைச் சேர்ந்த அந்தப் பொருட்கள் இனிப் புதிதாக வரப்போவதில்லை. நமக்கு அதற்கு ஈடான வேறு பொருள் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது.

அது மூன்று கட்டை போடும் பழைய பித்தளை டார்ச் லைட். கிராஃப்ளெக்ஸ் பிடிக்குள் செல்வதும் மூன்று பெரிய பேட்டரிகள்தாம். அந்த அளவுப் பேட்டரி ஒன்றின் நீளம் 61 மி.மீ., விட்டம் ஏறத்தாழ 34 மி.மீ. என்பதால், மூன்றையும் கொள்ளும் எந்தக் குழாயும் தானாகவே ஒரே உருவ அளவுக்கு வந்துவிடுகிறது. அடி மூடியும் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் உடல் 21 அல்லது 22 செ.மீ. வரும், மேலே 6 செ.மீ. நீளத்துக்குக் கழுத்து ஒன்றைச் சேர்த்தால் படத்தில் காணும் 28 செ.மீ. நீளத்தை எட்டிவிடலாம். வாங்கும்போது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் அது இரும்புத் தகடு, ஒட்டாமல், கீறிய இடத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் நிக்கல் பூசிய பித்தளை. நசுங்கல் இருந்தால் பரவாயில்லை. வாயில் மரை தேய்ந்திருந்தால் வாங்காதீர்கள்.

பெரும்பாலான பழைய டார்ச்சுகளின் உள்ளே பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருக்கும். கையுறை அணிந்து, அந்தப் பொடியை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். வெளிப்புறத்தில் பச்சை படிந்த இடங்களை மட்டும் புளிக்கரைசலால் தேய்த்தால் போதும். நான் முதலில் செய்த பிடியை, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் முழுவதும் துலக்கிவிட்டேன். நிக்கலின் மங்கல், விரல்பட்டுத் தேய்ந்த ஓரங்களின் மஞ்சள், சிறு கீறல்கள் எல்லாம் போய், அது கடையில் அன்று வாங்கிய பாத்திரமாகிவிட்டது. எத்தனை கறுப்புச் சாயம் பூசியும் அந்த வயதைத் திரும்பக் கொண்டுவர என்னால் இயலவில்லை.

அடுத்து, டார்ச்சின் விரிந்த தலையையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, வாயின் மீது இறுக்கமாக அமரும் ஒரு குழாய்த் துண்டைத் தேடுங்கள். வாஷ்பேசின் அடியில் வரும் குரோம் பூசிய பித்தளைக் குழாயின் துண்டோ, அதன் பெரிய நட்டோ பெரும்பாலும் பொருந்தும். ஹேக்ஸாவால் அறுக்கும்போது, குழாயைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை விளிம்போடு விளிம்பு சேருமாறு ஒட்டி, அதன் ஓரத்தையே கோடாகக் கொண்டு, குழாயைச் சிறிது சிறிதாகத் திருப்பி அறுங்கள். ஒரே பக்கமாக இறக்கினால் வெட்டு சாய்ந்துவிடும். அறுத்த விளிம்பை அரத்தால் உள்ளும் புறமும் தேய்க்காமல் கையில் எடுக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய குழாயையோ குரோம் பூச்சையோ ஒருபோதும் நெருப்பில் காட்ட வேண்டாம். அவற்றின் புகை நஞ்சு.

இந்த வேலையில் அதிகப் பொறுமை கேட்பது, உடலின் நடுவைச் சுற்றி இறுக்கும் பட்டைக் கவ்வி. இதற்கு அலுமினியக் கதவு, சன்னல் செய்யும் பட்டறையின் கழிவில் கிடைக்கும் 1 மி.மீ. தகடு போதும். உடலின் சுற்றளவைக் காகிதத்தால் அளந்து, இரு முனைகளிலும் 15 மி.மீ. காது விட்டு, 20 மி.மீ. அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். அப்படியே வளைத்தால் காது திரும்பும் இடத்தில் தகடு வெடிக்கும். ஆகவே துணி சோப்பைத் தகட்டின் மேல் நன்றாகத் தேய்த்து, அடுப்புத் தணலின் மேல் மெல்ல அசைத்துக் காட்டுங்கள்; வெண்மையாக இருக்கும் சோப்புக் கோடு முதலில் பழுப்பாகி, பின் கறுக்கும். கறுத்த அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். அலுமினியம் சிவந்து காட்டாமலே உருகும் உலோகமாதலால், சோப்பு ஒன்றே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. ஆறிய பின் தகடு கைக்கே வளைந்து கொடுக்கும். உடலைவிடச் சற்று மெல்லிய ஒரு குழாயின் மீது வைத்து வளையுங்கள். கையை விட்டதும் தகடு கொஞ்சம் விரியும், அந்த விரிவுக்குப் பின்பே உங்கள் உடல் மீது சரியாக அமரும். காதுகளில் துளையிட்டு, பழைய சைக்கிள் பிரேக்கிலிருந்து எடுத்த சிறு போல்ட்டால் இறுக்குங்கள். துளையிடும் முன் சென்டர் பஞ்சால் ஒரு குழி அடித்துக்கொண்டால் டிரில் நழுவாது.

கவ்வியின் மேல் வரும் குமிழ்ப் பட்டைக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1970களின் கால்குலேட்டர்களில் எண்கள் மிகச் சிறியனவாக ஒளிர்ந்ததால், ஒவ்வோர் எண்ணின் மீதும் ஒரு பிளாஸ்டிக் குமிழை உருப்பெருக்கியாக வைத்தார்கள். படத்தில் மின்னுவது அந்தக் குமிழ்களே. நமக்கு அதற்குச் சமமாகக் கிடைப்பது தீர்ந்துபோன மாத்திரை அட்டை. நிறமற்ற, சிறிய வட்டக் குழிகள் வரிசையாக உள்ள அட்டையைத் தேர்ந்து, பின்பக்கத் தகட்டை உரித்து, குழிக்குள் தெளிந்த எபாக்சிப் பிசினை ஊற்றிக் காயவிட்டால், அழுத்தினாலும் நசுங்காத கண்ணாடிக் குமிழ்கள் ஆகிவிடும். ஊற்றும்போது குச்சியால் காற்றுக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் வேண்டும். பழைய காலிங்பெல்லிலோ டேப் ரெக்கார்டரிலோ ஒன்று கிடைக்கும்.

கீழ்ப்பாதியின் கறுப்புப் பிடிப்புப் பட்டைகளுக்கு, தேய்ந்துபோன கார் வைப்பரின் ரப்பரை முதுகுப் பக்கம் வைத்து வெட்டிப் பயன்படுத்துகிறேன். உடலின் விட்டம் 38 மி.மீ. என்றால் சுற்றளவு 119 மி.மீ. வரும், ஆறு பட்டைகளுக்கு இடைவெளி ஏறத்தாழ 20 மி.மீ. கணக்கே வேண்டாம் என்பவர்கள், சுற்றளவுக் காகிதத்தை மூன்றாக மடித்து, அதையே மறுபடி இரண்டாக மடித்தால் கோடுகள் கிடைத்துவிடும். பட்டை அமரும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் நிக்கலைச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். சூப்பர் குளூ கல்போல் இறுகி, வளையும் ரப்பரிலிருந்து நாளடைவில் உரிந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். படப்பிடிப்புக்குச் சில வாரங்கள் தாங்கினால் போதும். நம் பிடி ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். ஆகவே இரு குழம்புகளைக் கலந்து பூசும் அரால்டைட்டையே பரிந்துரைக்கிறேன். பட்டைகளின் மேல் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டி, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வையுங்கள்.

அடி மூடியின் நடுவில் துளையிட்டு, கிழிந்த தோள்பையிலிருந்து எடுத்த அரைவட்ட வளையத்தை ஒரு சிறு தகட்டு மடிப்பில் நுழைத்து ரிவெட் அடியுங்கள். இதை ஒட்டி மட்டும் விடக் கூடாது, முழு எடையும் இதில்தான் தொங்கும். புதிதாக வெட்டிய அலுமினியம் மட்டும் கண்ணைக் குத்தினால், கறுப்பு பூட் பாலிஷைத் துளி தடவி, உடனே துணியால் துடைத்துவிடுங்கள். மூலையிலும் கீறலிலும் தங்குவது போதும்.

பிறகு அதை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு, ஒரு மாலைப்பொழுது வீட்டு வேலைகளைச் செய்து பாருங்கள். தளரும் போல்ட் எது, தொடையில் உரசும் விளிம்பு எது என்பது அப்போதுதான் தெரியும். அந்த விளிம்பை மட்டும் மறுபடி அரத்தால் தேய்த்து, போல்ட்டின் அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷரைச் சேர்த்து இறுக்குங்கள்.