காருக்குள் குளம்

ஐப்பசி மழை தொடங்கியதுமே என் 2004 மாடல் காரில் இடப்பக்கக் கால்மிதி நனைந்தது. ஏசி தண்ணீர் என்று நினைத்து அந்தக் குழாயைச் சுத்தம் செய்தேன். ஏசியே போடாத நாளிலும் ஈரம். கதவு ரப்பரை மாற்றச் சொன்னார் மெக்கானிக், மாற்றியும் பலனில்லை.

ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் விரித்து, மகனை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் விட்டேன். கதவில் ஒன்றுமில்லை. முன்கண்ணாடியின் அடிக்கு வந்ததும், "அப்பா, ஊத்துது!" வைப்பருக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் இரண்டு கை நிறைய வேப்பஞ்சருகு! வடிகால் அடைத்து, தேங்கிய நீர், காருக்குள் காற்றை ஊதும் விசிறியான புளோயருக்குக் காற்று போகும் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. மரநிழலில் நிறுத்திய என் புத்திசாலித்தனம்தான். பழைய பைக் கிளட்ச் கேபிளை விட்டுக் குடைந்ததும் மளமளவென்று வடிந்தது. கார்பெட்டுக்கு அடியிலிருந்த பஞ்சு காயத்தான் மூன்று நாள் வெயில் பிடித்தது.